அறுபதுக்குப் பிறகும் ஆலைக்கு: பிறையில் ஒரு டெக்னீஷியனின் நான்காண்டுக் கணக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் அடிக்கடி காணும் பல குடும்பங்களின் நிலையை ஒன்றாக்கி, ஒரே குடும்பத்தின் நிகழ்வாக இங்கே எழுதியிருக்கிறோம். சம்பளம், சேமிப்பு, செலவு ஆகியவை மாதிரித் தொகைகள். சட்டம், சந்தா விகிதம், லாப ஈவு ஆகியவை நடப்பில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பெரியவர் 1964இல் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். பத்து காவான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுபதுகளின் கடைசியில் குடும்பம் பிறைக்கு வந்தது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியதிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைக்குப் போனார்கள்; இவரும் அப்படிப் போனவர்தான். பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரங்களின் பராமரிப்பு டெக்னீஷியன். 2024 நவம்பரில் 60 முடிந்து பணி ஓய்வு பெற்றார். ஆறு வாரம் கழித்து அதே தொழிற்சாலையில், அதே இயந்திரங்களுக்கு முன்னால், ஒப்பந்த ஊழியராக நின்றார்.

ஏன் போனார் என்று கேட்டால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "பிள்ளைங்க சரியா பாத்துக்கல" என்பது ஒன்று. "வீட்டுல சும்மா உக்காந்தா உடம்பு போயிடும்" என்பது இன்னொன்று. "பணத்தாசை" என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது மூன்றும் முக்கியக் காரணமாக நிற்கவில்லை. சம்பளத்தால் சேமிப்பைப் பெருக்க அவர் வேலைக்குப் போகவில்லை. இருக்கும் சேமிப்பைக் கொஞ்ச காலம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் போனார். இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் தவறான வேலையை, தவறான ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சேமிப்பு எப்படி இவ்வளவானது

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக வந்தது 2013இல். தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி (ரிங்கிட்). அந்த ஆண்டு இவருக்கு 49 ஆனது. வேலைக்காலத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்குத் தரை இல்லாமலேயே கழிந்தது. சம்பளம் குறைந்தால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி வாரியம்) சந்தாவும் குறையும், அதன்மேல் வளரும் லாப ஈவும் குறையும். இருபது வயதில் விட்டுப்போன பத்து வெள்ளியை ஐம்பது வயதில் ஈடுகட்ட முடியாது.

2019இல் 55 ஆனபோது கணக்கில் 182,000 வெள்ளி இருந்தது. 55 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பு என்று வாரியம் அப்போது வைத்திருந்த அளவு 240,000. மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் இருபது ஆண்டுக்கு என்று போட்ட கணக்கு அது. அந்த அளவுக்கு 58,000 குறைவாக இருந்த கணக்கிலிருந்து இவர் 60,000 எடுத்தார்: மகளின் படிப்புக்குப் பெரும்பகுதி, ஒழுகிய கூரைக்கும் சமையலறைக்கும் மீதி. இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம் வீடுகளில் 55 என்பது பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கட்டணமும் கல்யாணமும் வீட்டுப் பழுதும் ஒன்றாக வந்து நிற்கும் வயது. தொகையும் அந்த வயதில்தான் கைக்கு எட்டுகிறது.

மீதி 122,000ஐ அவர் தொடவில்லை. 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு என்று ஈவு சேர்ந்து, 2024 முடிவில் அது ஏறக்குறைய 160,900 ஆனது. 55க்குப் பிறகு வரும் சந்தா எமாஸ் கணக்கில் போய்ச் சேரும். அதை 60 வயதில்தான் எடுக்க முடியும். கோவிட் காலத்தில் ஊழியர் சந்தாவை 7 ஆகவும் பிறகு 9 விழுக்காடாகவும் குறைத்திருந்ததால் அது கொஞ்சம் மெலிந்து, சுமார் 45,000இல் நின்றது. இரண்டும் சேர்ந்து கையில் 206,000 வெள்ளி.

மனைவிக்கு வயது 56. தொழிற்சாலை கேன்டீனில் சில காலம் வேலை பார்த்தவர். அவருடைய இபிஎஃப் பணம் 2020, 2021இல், கோவிட் காலத்தில் சேமிப்பை முன்கூட்டியே எடுக்க விட்ட ஐ-லெஸ்தாரி, ஐ-சினார் திட்டங்களில் பெரும்பாலும் கரைந்துபோனது. இப்போது வீட்டிலிருந்தே தோசை மாவு அரைத்து விற்கிறார். செலவு போக மாதம் 400 வெள்ளி நிற்கும். கிரைண்டர் பழுதானாலோ முழங்கால் பிடித்துக்கொண்டாலோ நின்றுவிடும் வருமானம் இது, ஆகவே கீழே வரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மாதச் செலவு 2,780 வெள்ளி

வீட்டுக் கடன் 640, 64 வயதுவரை கட்ட வேண்டும். மளிகை, மீன், காய்கறி 850. கார், மோட்டார் பெட்ரோலும் பராமரிப்பும் 300. கார் காப்புறுதியும் சாலை வரியும் மாதத்துக்குப் பிரித்தால் 70. மின்சாரம், தண்ணீர் 110. தொலைபேசி, இணையம், ஆஸ்ட்ரோ 210. இருவரின் காப்புறுதி 180. மருந்து, கிளினிக் போக்குவரத்து 90. மனைவியின் தாயாருக்கும் பேரப்பிள்ளைக்குமாக 150. வீட்டு வரிகள் 30. கல்யாணம், கருமாதி, கோயில் என்று இன்னொரு 150.

கடைசித் தொகையைப் பலர் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை. நம்மில் ஒரு கல்யாணத்துக்குப் போய் 50 வெள்ளி மொய் எழுதாமல் வர முடியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் போடுபவர்கள் வந்து கேட்டால் கையை விரிக்க முடியாது. பணி ஓய்வு பெற்றவரிடம் இவை குறைவதில்லை, கூடுகின்றன. இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு ஆறு மாதத்தில் துண்டு விழும்.

நான்கு ஆண்டு வேலை எவ்வளவு பெறும்

இந்த ஆய்வின் மையம் இதுதான். ஈவு ஆண்டுக்கு 5.5 விழுக்காடு, விலைவாசி மாறாது என்று முதலில் வைத்துக்கொள்வோம்.

60 வயதிலேயே வேலையை விட்டு, 2,780 வெள்ளியையும் இபிஎஃபிலிருந்தே எடுத்தால், 64இல் கடன் முடியும்போது கணக்கில் சுமார் 110,000 இருக்கும். அதற்கு மேல் மாதம் 2,140 எடுத்தால் ஐந்து ஆண்டு வரும். 69 வயதில் கணக்கு காலி.

மாறாக, 64வரை சம்பளமே செலவைப் பார்த்துக்கொண்டால் 206,000 தானாக 255,000 ஆகும். கடனும் அதற்குள் முடிந்திருக்கும். அதிலிருந்து மாதம் 2,140 எடுத்தால் ஏறக்குறைய 79 வயதுவரை தாங்கும். நான்கு ஆண்டு வேலை, பத்து ஆண்டுச் சாப்பாட்டுப் பணத்தைக் காப்பாற்றித் தருகிறது.

விலைவாசி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துப் போட்டால் எண்கள் இறங்கும்: வேலையை விட்டால் சுமார் 68, தொடர்ந்தால் சுமார் 75. அப்போதும் ஏழு ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. மனைவி அவரைவிட நான்கு வயது இளையவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அவருக்கு 75 ஆகும்போது மனைவிக்கு 71தான்.

இதில் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் ஒரு காசுகூட இல்லை. நான்கு ஆண்டு தொடாமல் விட்டதும், கடன் உள்ள ஆண்டுகளை வேலை சுமந்ததுமே காரணம். ஆகவே இவருக்குத் தேவைப்பட்ட சம்பளம் 2,780. அதற்குமேல் ஓவர்டைமுக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள அவசியமில்லை. அதற்குக் கீழே போனால் வேலைக்குப் போவதன் நோக்கமே கெடும்.

அரசாங்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடைசிச் சம்பளத்தைச் சேவை மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுத்தால் அவர்களின் பென்சன். 360 மாதத்துக்கு மேல் போகாது, அதாவது சம்பளத்தில் அறுபது விழுக்காடு உச்சம். 4,500 வெள்ளியில் ஓய்வு பெற்ற முப்பது ஆண்டு ஆசிரியருக்கு உயிருள்ளவரை மாதம் 2,700 வந்துகொண்டிருக்கும். அவர் டியூஷன் எடுப்பது வேறு காரணத்துக்காக. தனியார் துறையில் இருந்தவருக்கு ஒரு பெரிய தொகை வருகிறது, மாத வருமானம் வருவதில்லை. பெரிய தொகையைப் பார்த்து "உனக்கென்ன, இரண்டு லட்சம் இருக்கே" என்று சொல்பவர்கள் அதை மாதங்களால் வகுத்துப் பார்ப்பதில்லை.

அந்த ஆறு வாரம்

காசுக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு, சேவை முடிந்ததற்கும் ஒப்பந்தம் தொடங்கியதற்கும் இடையிலான ஆறு வாரம் சாட்சி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர் எட்டு வரை படுத்தார். மதியம் இன்னொரு தூக்கம், இரவு விழிப்பு. வேலையில் இருந்தபோது நாளுக்குப் பல ஆயிரம் அடி நடந்தவர் கடைத்தெரு வரைகூடக் காரில் போனார். கிளினிக்கில் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.2இலிருந்து 9.4க்கு ஏறியிருந்தது. பல ஆண்டு பகலில் ஆள் இல்லாத வீட்டில் தனக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருந்த மனைவிக்கும் இது எளிதாக இல்லை. மாவு அரைக்கும் நேரத்தில் அடுப்படியில் ஒருவர் நின்று யோசனை சொன்னால் யாருக்கும் பொறுக்காது.

இவை வேலைக்குப் போவதற்கான காரணமா, ஓய்வுக்குத் தயார் செய்யாததன் விளைவா? எங்கள் கணிப்பில் பெரும்பகுதி இரண்டாவதுதான். காலை நடை, கோயில் பொறுப்பு, பள்ளி வாரியம், ஏதோ ஒன்று நேரத்துக்கு எழுப்பியிருந்தால் பாதி சரியாகியிருக்கும். சர்க்கரைக்காக ஒருவர் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. இவர் போனது கடனுக்காக. உடம்பு சரியானது கூடவே கிடைத்தது.

தொழிற்சாலை ஏன் அழைத்தது

அங்கே இருந்த இயந்திரங்களில் பாதி பதினைந்து ஆண்டைத் தாண்டியவை. புதிய டெக்னீஷியன்கள் திரையில் வரும் எச்சரிக்கைக் குறியைப் பார்த்து வேலை செய்யப் பழகியவர்கள். பழைய இயந்திரம் குறி காட்டாது. பிளாஸ்டிக் உருகும் பீப்பாயின் வெப்பம் ஒரு பகுதியில் மட்டும் மெல்ல இறங்கினால், சூடேற்றும் ஹீட்டர் பேண்டு எரிந்ததா, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் தளர்ந்ததா, வயர் முனை கருகியதா என்று தொட்டும் அளந்தும் பார்க்க வேண்டும். தெர்மோகப்பிள் தளர்ந்ததை ஹீட்டர் கோளாறு என்று நினைத்து நல்ல பேண்டைக் கழற்றிப் புதிது போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிளாஸ்டிக் கருகும், ஒரு ஷிப்ட் உற்பத்தி போகும். இவர் ஓய்வு பெற்ற ஆறு வாரத்தில் அது இரண்டு முறை நடந்தது.

ஆக, தொழிற்சாலைக்கு வேண்டியது அவருடைய கை பலம் இல்லை, கண்டுபிடிக்கும் திறன். வேலையை அதற்கேற்ப மாற்றினால்தான் இரு தரப்புக்கும் லாபம். இதை முதலாளி தரப்பு தானாகச் செய்வதில்லை. பழைய வேலையை அப்படியே, குறைந்த சம்பளத்தில் தருவதுதான் வழக்கம்.

முதல் கடிதத்தில் இருந்த கோளாறுகள்

முதலில் வந்த கடிதம் அவரை "ஆலோசகர்" என்று குறிப்பிட்டது. மாதம் 2,600 வெள்ளி, மாத முடிவில் பில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இபிஎஃப், சொக்சோ (ஊழியர்களின் விபத்து, நோய்க் காப்பு) பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வேலை நேரத்தை நிறுவனமே வைக்கிறது, கருவிகள் நிறுவனத்தினுடையவை, விடுப்புக்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, இப்படி ஒருவரின் கட்டுப்பாட்டில், அவருடைய கருவிகளைக் கொண்டு, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஊழியர் என்றே முதலில் கொள்ளப்படுவார். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு மறு தரப்புக்கு. பெரியவர் மனிதவளப் பிரிவிடம் இதைச் சண்டையாகக் கேட்கவில்லை. "ஆலோசகர் வேண்டாம் மேடம், ஒப்பந்த ஊழியர்னே போடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு சொல் மாறாமல் இருந்திருந்தால் இழப்பு எங்கே தெரியும்? பாலத்தில். பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு மோட்டாரில் போகிறவருக்கு 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் தினமும் இரு முறை. 2019 முதல் மோட்டாருக்கு டோல் இல்லை, ஆனால் காற்றும் மழையும் லாரியும் இருக்கின்றன. ஊழியராக இருந்தால் வேலைக்குப் போய் வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோவில் காப்பு உண்டு. 60ஐத் தாண்டியவருக்கு இரண்டாம் பிரிவில் முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு கட்டினால் போதும், ஊழியர் பங்கு கிடையாது. ஆலோசகருக்கு யாரும் கட்ட மாட்டார்கள்.

அடுத்தது சம்பளம். ஓய்வு பெறும்போது 3,300, கடிதத்தில் 2,600. கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் இறக்கம் சிறிதாகத் தெரியும். முன்பு 3,300இல் இபிஎஃப் 363, சொக்சோ 16, வேலைக் காப்புறுதி ஆறரை வெள்ளி பிடித்தது போக 2,914 வந்தது. 60க்குப் பிறகு ஊழியரிடம் இவை எதுவும் பிடிப்பதில்லை, ஆகவே 2,600 முழுதாக வரும். வித்தியாசம் 314தான் என்று பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதலாளி பங்கைச் சேர்த்துப் பாருங்கள். முன்பு 13 விழுக்காடு, 429 வெள்ளி. 60க்குப் பிறகு குறைந்தபட்சம் 4 விழுக்காடு, 104 வெள்ளி. மொத்தமாக 3,729 இருந்த இடத்தில் 2,704. உண்மையான இறக்கம் மாதம் 1,025 வெள்ளி. இந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டித்தான் அவர் 2,800 கேட்டு வாங்கினார். மாதச் செலவை அது தாண்டுகிறது. நிறுவனத்துக்கு அதன்பிறகும் மாதம் எண்ணூறு வெள்ளிக்கு மேல் மிச்சம்.

விடுப்பு இன்னொரு இழப்பு. ஐந்து ஆண்டுக்கு மேல் சேவை உள்ளவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பு 16 நாள், மருத்துவ விடுப்பு 22 நாள். புதிய ஒப்பந்தத்தில் சேவை முதலாண்டிலிருந்து எண்ணப்பட்டு 8, 14 என்று இறங்கியது. மருத்துவமனை சந்திப்புகள் கூடும் வயதில் பதினாறு நாள் போகிறது. ஆண்டு விடுப்பைக் கேட்டுப் பன்னிரண்டாக்கினார்; மருத்துவ விடுப்பு மாறவில்லை. செபராங் ஜெயா மருத்துவமனைத் தவணைகளுக்கு, முன்கூட்டியே சொன்னால், பாதி நாள் அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்கள். அது நடைமுறையில் நல்ல பயன் தந்தது.

நிறுவனத்தின் மெடிக்கல் கார்டு திரும்பவில்லை. குழுக் காப்புறுதியில் வயது வரம்பு என்றார்கள். 60 ஆனவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளி பதிவுக் கட்டணம் இல்லை. சர்க்கரை மருந்தும் அங்கேயே கிடைக்கிறது. நேரம்தான் போகும். இதில் ஏமாற்றம் இருந்தாலும் ஒப்பந்தத்தை மறுக்கும் அளவுக்குக் காரணமில்லை.

60க்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் தனியார் துறைக்கு 60 என்று வைத்தது. அதற்குமுன் வயதைக் காரணம் காட்டி அனுப்பினால் முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம். ஊழியர் 60 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். பலர் இந்த நாளைத் தவற விடுகிறார்கள், ஏனென்றால் "பேசிப் பார்க்கலாம்" என்று இரண்டு மாதம் போய்விடுகிறது.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. இந்தச் சட்டம் 24 மாதத்துக்கு மேற்படாத தவணை ஒப்பந்தக்காரர்களுக்கும், முழு நேரத்தின் 70 விழுக்காட்டுக்கு மேல் வேலை செய்யாதவர்களுக்கும் பொருந்தாது. 58 வயதில் ஒருவரைக் கூப்பிட்டு, "இப்பவே ராஜினாமா கொடுத்திடுங்க அண்ணே, ஒரு வருஷ ஒப்பந்தம் தர்றோம், கையில ஒரு தொகையும் வரும்" என்றால், அவர் தாமாகவே சட்டத்தின் நிழலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். ஓர் ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் நீளாது, கேட்கவும் வழியிருக்காது. நம் பெரியவரிடம் 57 வயதில் இப்படி ஒரு பேச்சு வந்தது. மறுத்தது அவர் எடுத்த மிகச் சரியான முடிவு.

சொக்சோவின் உடற்திறன் இழப்புப் பென்சனும் 60 வயதோடு சம்பந்தப்பட்டது. 59 வயதில் வேலை செய்ய முடியாத அளவுக்கு இதயமோ சிறுநீரகமோ கெட்டிருந்தால் 60 நிறைவதற்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு போனால், நோய் 60க்கு முன்பே இருந்தது, அதன்பின் வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டிவரும். "ஓய்வு பெற்ற பிறகு நிதானமாப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் இதில் பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள். வேலை இழந்தால் உதவும் வேலைக் காப்புறுதித் திட்டமும் 60 ஆனவர்களுக்கு இல்லை.

மற்ற வேலைகள்

ஆறு வாரத்தில் இரண்டு வாய்ப்புகளைப் பார்த்தார். கொண்டோ காவல் வேலை: 12 மணி நேர ஷிப்ட், மாதம் 26 நாள். 2025 பிப்ரவரி முதல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26ஆலும் 8ஆலும் வகுத்தால் மணிக்கு 8.17. தினம் நான்கு மணி ஓவர்டைம் ஒன்றரை மடங்கில் 12.26 வீதம் மாதம் 104 மணிக்கு 1,275. சட்டம் அனுமதிக்கும் ஓவர்டைம் உச்சமும் அதே 104 மணிதான். மொத்தம் 2,975. தொழிற்சாலை தந்த 2,800ஐவிட இது அதிகமாகத் தெரிகிறது. ஆனால் இது 312 மணி நேரத்துக்கு, மணிக்கு 9.54. தொழிற்சாலையில் வாரம் 45 மணி, மாதம் சராசரி 195 மணி, மணிக்கு 14.36. தவிர, ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் சந்தா கிடையாது. சர்க்கரைக்காரருக்கு இரவு 12 மணி நேரக் காவல் எந்தச் சம்பளத்துக்கும் நல்லதல்ல.

வாடகைக் கார் ஓட்டலாம் என்றான் மகன். இருந்த கார் பழையது, புதிதுக்குக் கடன் வேண்டும். 60 வயதில் சேமிப்பைக் காக்க வேலை தேடுபவர் அதற்காக இன்னொரு கடன் எடுப்பதில் பொருளில்லை. ஓட்டுபவர்கள் சுயதொழில் சொக்சோவையாவது கட்ட வேண்டும். குறைந்த திட்டம் ஆண்டுக்கு 157.20 வெள்ளி.

வேலையை மாற்றி அமைத்தது

ஒப்பந்தத்தோடு ஒரு பக்க வேலைப் பட்டியல் இணைக்கப்பட்டது. பகல் ஷிப்ட் மட்டும். மோல்டு இறக்கி ஏற்றும் வேலையில் சங்கிலியைப் பிடித்து இழுப்பது இளையவர்கள், அளவு பார்ப்பதும் சரி சொல்வதும் இவர். வாரம் இரண்டு இயந்திரத்தைத் திறந்து இரண்டு இளைஞர்களுக்குக் காட்ட வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்த தரையில் வழுக்கி விழுவதுதான் இந்த வயதில் மிகப் பெரிய ஆபத்து. பார்வையும் மங்கியிருக்கும், எலும்பும் சீக்கிரம் கூடாது. கசிவு கண்ட இயந்திரத்தை அந்த ஷிப்டிலேயே துடைத்து அடைப்பது என்ற விதியை மேலாளர் எழுதி ஒட்டினார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கைவிளக்கு வாங்கி வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. சட்டப்படி தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது தர வேண்டும். ஆனால் இயந்திரம் நின்றால் டெக்னீஷியன் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவான், அது பழக்கம். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம். சூடான பீப்பாய்க்குப் பக்கத்தில் தடுமாறக் கூடாது. முதல் மாதத்தில் ஒருநாள் அப்படி ஆனது. அதன்பின் பன்னிரண்டரைக்கு அவர் போயே ஆக வேண்டும், இயந்திரம் நின்றாலும் சரி என்று முடிவாயிற்று.

எதிர்பாராத சிக்கல் அதிகாரத்தில் வந்தது. அவரிடம் தொழில் கற்றவர் இப்போது அவருக்கு மேற்பார்வையாளர். பெரியவர் குரலை உயர்த்தி, "தம்பி, பவரை அடைச்சுப் பூட்டி அட்டை மாட்டினியா, இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கேள்வி சரி, கேட்ட இடம் தவறு. அந்தத் தம்பி இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் மேலாளர் இருவரையும் உட்கார வைத்து, பாதுகாப்பு விஷயம் என்றால் யாரும் யாரையும் எங்கேயும் நிறுத்தலாம், மற்ற எதுவானாலும் ஷிப்ட் முடிந்து தனியாகப் பேச வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். ஓய்வு பெற்றவரைத் திரும்ப எடுக்கும் நிறுவனங்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் நல்லது. ஒப்பந்தங்கள் நீளாமல் போவதற்குத் திறமைக் குறைவைவிட இந்த மனக்கசப்பே பல இடங்களில் காரணம்.

வீட்டில் செய்த திருத்தங்கள்

இபிஎஃப் பணம் அங்கேயே இருக்கிறது. உறுப்பினரின் 100 வயதுவரை ஈவு தருவார்கள். "எடுத்துப் போட்டுக் கொடு, மாதம் பத்து விழுக்காடு தர்றேன்" என்று வந்த இருவரை மனைவியே வாசலில் அனுப்பிவிட்டார். பெயர் நியமனத்தைப் பார்த்தபோது, இறந்துபோன தாயாரின் பெயரே இருந்தது. மனைவியின் பெயருக்கு மாற்றினார்கள். சேமநிதியில் எத்தனை இருந்தாலும் இந்த ஒன்றைப் பார்க்காவிட்டால் விதவையான பெண் கடிதங்களுக்காக அலைய வேண்டிவரும்.

மாவு விற்கும் பணத்தில் மாதம் 208 வெள்ளியை மனைவி இபிஎஃபின் ஐ-சாரான் திட்டத்தில் போடுகிறார். நிலையான சம்பளம் இல்லாத, 60க்குட்பட்டவர்களுக்கான திட்டம். 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி உச்சம். ஆண்டுக்கு 2,500 போட்டால் முழு 500ஐயும் பெறலாம். இன்னும் நான்கு ஆண்டு அவருக்கு இருக்கிறது.

இப்போது நிற்கும் கேள்வி

62 ஆகும்போது வாரம் நான்கு நாள், நாளுக்கு ஏழரை மணி என்று குறைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார். 30 மணிக்குச் சம்பளம் 1,867 ஆகும். செலவுக்கு மாதம் 913 குறையும், அதைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். முதல் கணக்கின்படியே போட்டால் 64இல் 255,000க்குப் பதில் சுமார் 232,700 இருக்கும். பணம் 79க்குப் பதில் 77 வயதுவரை வரும். விடுப்பும் பகுதி நேர ஊழியர் விதிப்படி குறையும்.

எங்கள் கருத்தில் இந்தக் குறைப்பு செய்யத் தக்கது, ஒரு நிபந்தனையோடு: இரண்டு இளைஞர்களும் பழைய இயந்திரங்களைத் தனியாகப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் தொலைபேசி அடிக்கும், சம்பளமில்லாமல் போய் நிற்க வேண்டிவரும். புதுப்பிப்புப் பேச்சை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்று இப்போதைய ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. அந்தச் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியவை மூன்று: செய்து முடித்த பழுதுகளின் பதிவேடு, இளையவர்கள் தனியாகச் செய்தவற்றின் பட்டியல், மருத்துவரின் வேலைத் தகுதிக் கடிதம்.